பேஸைத் திருப்புங்க

“அம்மா, நான் வாசிக்கத்தான் செய்யுதேன். யாருக்கும் கேக்க மாட்டேங்குது.”

சீடர் இப்படித்தான் ஆரம்பித்தார்.

சீடருக்கு வயது ஐம்பத்து நான்கு. குருவுக்கு இருபத்தெட்டு. குரு அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய ஸ்பீக்கர் பெட்டிக்குள் தலையை விட்டிருந்தார். அதனால் சீடர் தன் குறையைப் பெட்டியின் முதுகிடம்தான் சொல்ல வேண்டியிருந்தது.

“யாருக்குக் கேக்கல?” என்றது பெட்டி.

“ஒருத்தருக்கும் கேக்கல.”

“உங்களுக்கு?”

சீடர் யோசித்தார். பெயர் கோமதிநாயகம். பகலில் மின்வாரியத்தில் உத்தியோகம். விசேஷ நாட்களில் ‘தேன்சாரல்’ மெல்லிசைக் குழுவில் பேஸ் கிடார். இரண்டையும் முப்பது வருடமாகச் செய்கிறார். இரண்டு இடத்திலும் அவரிடம் இதை யாரும் கேட்டதில்லை.

“எனக்கும் இப்ப கேக்கலம்மா.”

குரு தலையை வெளியே எடுத்தார். காதில் ஒரு ஸ்குரூ டிரைவர் செருகியிருந்தது. பெயர் ஹெப்சி. பாளையங்கோட்டையில் எந்த மேடையில் எந்த ஆம்ப்ளிஃபயர் இருமினாலும் ஹெப்சியைத்தான் கூப்பிடுவார்கள். வந்து தட்டுவார். இருமல் நிற்கும். ஏன் இருமியது என்று கேட்டால் மட்டும் பதில் வராது.

“டப்பாவைக் காட்டுங்க அண்ணாச்சி.”

கோமதிநாயகம் பையிலிருந்து எடுத்தார். தரையில் வைத்துக் காலால் அமுக்குகிற டப்பா. மல்டி எஃபெக்ட்ஸ் பிராசஸர் என்று பெயர். ஷார்ஜாவில் இருக்கும் மருமகன் வாங்கி அனுப்பியது. கிடாரிலிருந்து வரும் சத்தம் அதற்குள் போய், என்னென்னவோ ஆகி, மறுபக்கம் ஸ்பீக்கருக்கு வரும். திரையில் ஒரு கோடு. கோட்டின் மேல் கட்டம் கட்டமாக எஃபெக்டுகள்.

ஹெப்சி எண்ணினார். ஒரே கோட்டில் ஒன்பது கட்டம். எதிரொலி இரண்டு. கரகரப்புக்கு இரண்டு. பாக்கி ஐந்தும் என்ன செய்யும் என்று அவற்றைச் செய்தவனுக்கே தெரியுமோ என்னவோ.

“எல்லாத்தையும் போட்டிருக்கீங்க.”

“எல்லாமே நல்லா இருந்துதும்மா.”

“கழட்டிரலாமே.”

“மருமவன் வீடியோ கேட்டிருக்காரு.”

குரு பெருமூச்சு விட்டார்.

கோமதிநாயகம் குரலைத் தாழ்த்தினார். “ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஒரு கல்யாணக் கச்சேரி. அதுல என் பேஸ் கேக்கலேன்னா அதோட நிறுத்திக்கிடுங்கன்னுட்டாரு ஆவுடையப்பன்.”

ஆவுடையப்பன்தான் குழுவின் முதலாளி. பாடகரும் அவரே.

“உங்களுக்குப் பதிலா யாரு?”

“யாருமில்ல. கீபோர்டுக்காரன் வலது கையால பாட்டை வாசிச்சுக்கிட்டே இடது கையால பேஸையும் பாத்துக்கிடுவானாம்.” அவர் தன் இடது கையைப் பார்த்துக்கொண்டார். “முப்பது வருஷம் நான் செஞ்ச வேலை, ஒருத்தன் இடது கையால செய்யுற வேலையாப் போச்சும்மா.”

குரு காதிலிருந்த ஸ்குரூ டிரைவரை எடுத்துக் கீழே வைத்தார்.

“பின்னால டிரம்ஸ் வாசிக்காரே, கில்பர்ட் அண்ணாச்சி. அவருக்காவது கேக்குதா?”

“அந்தாளுகிட்ட நான் பேசுறதில்ல.”

“ஏன்?”

“பதினோரு வருஷத்துக்கு முன்னால அம்பாசமுத்திரத்துல ஒரு கச்சேரி. எனக்கு நூத்திரெண்டு டிகிரி காய்ச்சல். இருந்தாலும் சொன்ன சொல்லுக்காகப் போய் நின்னேன். மேடை ஏறப்போற நேரம். எல்லாரும் இருக்காங்க. அவ்வளவு பேர் முன்னாடி, ‘ஓய், உம்ம பேஸ் சரியில்லவே’ன்னாரு. என் பேஸைச் சொல்ல இவரு யாரு? அன்னைக்குத் திருப்பிக்கிட்டேன் முகத்தை.”

“பதினோரு வருஷமாவா?”

“ஒரே வேன்லதான் போறோம். அவரு இந்தப் பக்கம் ஜன்னலு. நான் அந்தப் பக்கம் ஜன்னலு.”

குரு எழுந்து வாசலுக்குப் போனார்.

அந்தச் சந்தின் கடைசியில் சாகுல் பாயின் டீக்கடை. அதற்கும் ஹெப்சியின் பட்டறைக்கும் நடுவில் ஒன்பது கடைகள்.

“பாய்! ஒரு டீ!” என்று கத்தினார். “நீங்க வராண்டாம். கை மாத்திக் கை மாத்தி வரட்டும். ஆளுக்கு ஒண்ணு செஞ்சு அனுப்புங்க. உங்க இஷ்டம்தான்!”

வேறு யாராவது சொல்லியிருந்தால் சந்து சிரித்திருக்கும். ஆனால் ஹெப்சி எல்லார் கடை டிவியையும் ஒரு தடவையாவது சரிசெய்து கொடுத்தவர். சந்து கீழ்ப்படிந்தது.

டீ புறப்பட்டது.

டெய்லர் ஊதி ஆற்றினார். ஜெராக்ஸ் கடை அக்கா சீனி காணாது என்று இரண்டு கரண்டி போட்டார். செல்போன் கடைக்காரர் ஒரு வாய் குடித்துப் பார்த்து, சீனி கூடுதல் என்று தண்ணீர் ஊற்றினார். நாட்டு மருந்துக் கடையில் சுக்குத் தட்டிப் போட்டார்கள். பாத்திரக் கடைக்காரர் நுரை வரட்டுமென்று ஒரு முழ உயரத்துக்குத் தூக்கி ஆற்றினார். பாதி டீ சந்துக்குப் போயிற்று. கடைசியாகக் கைக்கடிகாரம் ரிப்பேர் செய்பவர், தன் பங்குக்கு ஒரு பிஸ்கட்டை முக்கினார். அது ஒடிந்து உள்ளே விழுந்துவிட்டது. எடுக்க விரலை விட்டார்.

டம்ளர் வந்து சேர்ந்தது.

“குடிங்க,” என்றார் குரு.

கோமதிநாயகம் குடித்தார். குடித்ததை முழுங்குவதா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் வாய்க்குள்ளேயே வைத்திருந்தார்.

“என்ன அண்ணாச்சி அது?”

“தெரியலம்மா.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“டீ.”

“இதுல தப்பு யார் மேல?”

கோமதிநாயகம் சந்தைப் பார்த்தார். ஒன்பது பேரும் வாசலில் நின்று, டீ எப்படி இருக்கிறது என்று ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஒருத்தர் மேலயும் இல்ல. எல்லாரும் நல்லதுக்குத்தான் செஞ்சிருக்காங்க.”

குரு மறுபடி கத்தினார். “பாய்! இப்ப ரெண்டு டீ! ஒண்ணு முன்ன மாதிரியே வரட்டும். இன்னொண்ணை நீங்களே கொண்டாங்க. வழியில யாரு கேட்டாலும் குடுக்காதீங்க!”

இரண்டும் வந்தன. குரு பாயின் டம்ளரில் சந்தின் டம்ளரிலிருந்து கொஞ்சம் ஊற்றினார்.

“குடிங்க.”

டீயாக இருந்தது. பின்னாலேயே சுக்கு வந்தது. பிஸ்கட்டும் எங்கோ தூரத்தில் இருந்தது. மோசமில்லை.

கோமதிநாயகம் டம்ளரைப் பார்த்தார். டப்பாவைப் பார்த்தார்.

“அப்ப கிடாரோட அசல் சத்தத்தைத் தனியா, யார் கையும் படாம...”

“டப்பாவுக்குள்ள ரெண்டு வழி போடலாம். தேடுங்க.”

“எந்த இடத்துல பிரிக்கணும்?”

“டீ எங்க பிரிஞ்சுது?”

“கடையில. முதல்லயே.”

“எங்க சேந்துது?”

“என் வாய்க்கு முன்னால.”

குரு தலையைப் பெட்டிக்குள் விட்டுக்கொண்டார். அவ்வளவுதான் பாடம்.


சனிக்கிழமை காலை கோமதிநாயகம் வீட்டுக் கூடத்தில் டப்பாவோடு உட்கார்ந்தார். பதினோரு மணிக்கு இரண்டு வழி போட்டு முடித்தார். திரையில் ஒற்றைக் கோடு இரண்டாகப் பிரிந்தது. மேல் வழியில் ஒன்பது கட்டமும் ஏறிக்கொண்டன. கீழ் வழி காலியாக, நேராகப் போயிற்று. கடைசியில் இரண்டும் சேர்ந்தன.

சேருகிற இடத்தில் ஒரு சின்ன வட்டம் இருந்தது. வட்டத்துக்குக் குறுக்கே ஒரு கோடு.

கோமதிநாயகம் அதைத் தொடவில்லை. மின்கம்பங்களில் அபாயப் பலகை மாட்டியே தலை நரைத்தவர். வட்டம் போட்டுக் குறுக்கே கோடு இழுத்திருந்தால் கையை வைக்காதே என்று அர்த்தம். இதுகூடத் தெரியாதா அவருக்கு?

சமையலறையில் மனைவி பகவதி இட்லிக்கு ஆட்டிக்கொண்டிருந்தார். அவரே ரசிகர் கூட்டம்.

“பகவதி, இது மேல் வழி. கேக்குதா?”

“கேக்குது.”

“இது கீழ் வழி.”

“கேக்குது, கேக்குது. ஜன்னல் அதிருது.”

“இப்ப ரெண்டும் சேந்து!”

கோமதிநாயகம் கண்ணை மூடி, மனதார ஒரு பாட்டு முழுக்க வாசித்தார். முடித்துவிட்டு, “எப்படி?” என்றார்.

“எப்ப ஆரம்பிக்கப் போறீங்க?” என்றார் பகவதி.

அவர் ஒரு வழியை அணைத்தார். சத்தம் வந்தது. அதைப் போட்டு மற்றதை அணைத்தார். அப்போதும் வந்தது. இரண்டையும் போட்டார். ஒரு கொசு பாடிற்று.

உடனே குருவுக்குப் போன் போட்டார். ஹெப்சி நாசரேத்தில் ஒரு கன்வென்ஷனுக்கு மைக் கட்டிக்கொண்டிருந்தார். பின்னணியில் யாரோ ‘அல்லேலூயா, செக், செக்’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

“தனித்தனியா ரெண்டும் நல்லா இருக்கும்மா! சேந்தா ரெண்டும் இல்ல!”

“ஆங்! பேஸ்!”

“என்னது?”

“பேஸைத் திருப்புங்க அண்ணாச்சி!”

போன் வைக்கப்பட்டது.

தமிழ்நாட்டில் ஆங்கிலம் புழங்கும் அழகில், ஒரே ‘பேஸ்’ பல வேலை பார்க்கும். கிடாரும் பேஸ். கரண்டும் பேஸ். மூஞ்சியும் பேஸ். கட்டடத்துக்குக் கீழே போடுவதும் பேஸ். குரு எந்தப் பேஸைச் சொன்னார் என்று கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டால் தெரியாது என்று ஆகிவிடும். ஐம்பத்து நான்கு வயதில் இருபத்தெட்டு வயதிடம் ஒரு தடவை தெரியாது என்றது போதாதா?

அவர் பேஸ் கிடாரைத் திருப்பினார்.

கழுத்து வலப்பக்கம், உடம்பு இடப்பக்கம். கம்பிகள் தலைகீழாக வந்தன. தடியான கம்பி இருந்த இடத்தில் மெல்லிசு இருந்தது. அரை மணி நேரம் அப்படியே வாசித்தார். விரல் சுளுக்கியது. கொசு அப்படியேதான் பாடிற்று.

அப்புறம்தான் அவருக்குப் பொறி தட்டியது. தலையிலடித்துக்கொண்டார்.

முப்பது வருடமாக ‘சார், எங்க தெருவுல ஒரு பேஸ் இல்ல’ என்ற புகாரை அன்றாடம் கேட்கிறவர், பேஸ் என்றால் என்ன என்று வெளியில் தேடலாமா? கம்பத்திலிருந்து வீட்டுக்கு மூன்று பேஸ் வருகிறது. ஒன்றில் கரண்ட் குறைந்தால் இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ள வாசலில் சுவிட்ச் இருக்கிறது. அவரே மாட்டியது.

போய்த் திருப்பினார்.

அந்தப் பேஸில் அன்று கரண்ட் இல்லை. கிரைண்டர் நின்றது. ஃபேன் நின்றது. டப்பாவும் அணைந்தது. சமையலறையிலிருந்து பகவதி வெளியே வந்தார். கையெல்லாம் மாவு.

“என்ன செஞ்சீங்க?”

“பேஸை மாத்தினேன்.”

“பாதி மாவு ஆடிருக்கு. மாத்துங்க திரும்ப.”

மாற்றினார். மின்வாரியத்தில் யாரும் அவரிடம் அந்தக் குரலில் பேசியதில்லை.

சாயங்காலம் மறுபடி போன். இந்த முறை நாசரேத்தில் முழு ஆராதனை நடந்துகொண்டிருந்தது.

“திருப்பிட்டேம்மா. ஒண்ணும் ஆகல.”

“எவ்வளவு திருப்பினீங்க?”

“எவ்வளவுன்னா?”

“நூத்தி எண்பது டிகிரி! முழுசாத் திருப்பணும்! அந்தப் பக்கம் பாத்தது இந்தப் பக்கம் பாக்கணும்! புரியுதா?”

“புரியுது,” என்றார் கோமதிநாயகம்.

துளியும் புரியவில்லை.


ஞாயிற்றுக்கிழமை காலை. குளியலறை.

கச்சேரி பன்னிரண்டு மணிக்கு. கோமதிநாயகம் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு கவலைப்பட்டார். இன்றோடு எல்லாம் முடிந்துவிடும். நாளைக்கு ஆபீஸில், ‘அண்ணாச்சி, அடுத்த கச்சேரி எங்க?’ என்று கேட்டால் என்ன சொல்வது? அவருக்கு இரண்டு பெயர் உண்டு. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர். மேடையில் பேஸ் கோமதி. இரண்டாவது பெயரைச் சொல்லும்போது மட்டும் அவர் முதுகு நிமிரும்.

சோப்பை எடுக்கக் கை நீட்டினார். பக்கத்தில் மகளின் டியூப் ஒன்று நின்றது. அதில் எழுதியிருந்ததை வாய்விட்டுப் படித்தார்.

“பேஸ் வாஷ்.”

தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

“பகவதி!” என்று உள்ளிருந்து ஓர் அலறல் வந்தது. “பேஸ்னா முகம்!”

“கதவைச் சாத்திக்கிட்டுக் குளிங்க,” என்றார் பகவதி.


கல்யாண மண்டபத்தின் ஒரு கோடியில் மேடை. மறுகோடியில் பந்தி. நடுவில் நாற்காலிகளில் பசியோடு இருந்தவர்கள். பந்தியில் இடம் காலியாகும்வரை இவர்களைப் பாட்டால் பிடித்து வைத்திருப்பதுதான் குழுவின் வேலை.

மேடையில் ஆவுடையப்பன் முன்னால். கீபோர்டுக்காரர் இடப்பக்கம். கில்பர்ட் பின்னால், டிரம்ஸ் கோட்டைக்குள். அவருக்கு நேர் முன்னால், அவருக்கு முதுகு காட்டி, கோமதிநாயகம். பதினோரு வருடமாக அந்த முதுகைப் பார்த்துத்தான் கில்பர்ட் தாளம் போடுகிறார்.

முதல் பாட்டு தொடங்கியது. கொசு பாடியது.

முதல் வரிசையில் ஒரு பெரியவர், “அந்தாளு கையில வச்சிருக்கது பொம்மையா?” என்று பக்கத்தில் கேட்டார். மேடைக்கே கேட்டது. பேஸ் தவிர எல்லாம் கேட்கிற மண்டபம்.

ஆவுடையப்பன் பாடிக்கொண்டே திரும்பினார். கோமதிநாயகத்தைப் பார்க்கவில்லை. கீபோர்டுக்காரரைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

கீபோர்டுக்காரரின் இடது கை, அதுவரை மடியில் சும்மா கிடந்தது, மெல்ல எழுந்து கீழ்க் கட்டைகளை நோக்கி நகர்ந்தது.

கோமதிநாயகம் அந்தக் கையைப் பார்த்தார்.

முகத்தைத் திருப்ப வேண்டும். நூற்றெண்பது டிகிரி.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இந்தப் பக்கம் பார்ப்பது அந்தப் பக்கம் பார்க்க வேண்டுமென்றால், அந்தப் பக்கம் இருப்பது கில்பர்ட்.

இடது கை முதல் கட்டையைத் தொட்டது.

கோமதிநாயகம் குனிந்து டப்பாவைத் தூக்கினார். ஒயரோடு பின்பக்கம் திரும்பினார். டிரம்ஸுக்கு முன்னால் அதை வைத்தார். சபைக்கு முதுகைக் காட்டி, கில்பர்ட்டின் முகத்தை நேருக்கு நேர் பார்த்து நின்றார்.

கில்பர்ட் ஒரு அடியை விட்டுவிட்டார். நாற்பது வருட வாசிப்பில் அது எத்தனையாவது என்று கேட்டால், முதலாவது என்பார்.

இருவரும் பார்த்துக்கொண்டார்கள். கில்பர்ட்டுக்கு மீசை நரைத்திருந்தது. வேனில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போகிறவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

பிறகு கோமதிநாயகம் கில்பர்ட்டின் வலது காலைப் பார்த்தார். பெரிய டிரம்மை மிதிக்கிற கால். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு, பெருவிரலைத் தூக்கித் தூக்கி மிதித்தது. அவர் விரல்கள் தாமாகவே அந்தக் காலோடு சேர்ந்துகொண்டன. கால் விழும்போது விரல் விழுந்தது.

கேட்கத்தான் இல்லை.

கில்பர்ட் குச்சிகளை நிறுத்தாமல் எட்டி டப்பாவைப் பார்த்தார். திரை இப்போது அவர் பக்கம் இருந்தது. இரண்டு வழி. சேருகிற இடம். வட்டம். குறுக்கே கோடு.

பதினோரு வருடத்துக்குப் பிறகு வாயைத் திறந்தார்.

“ஓய், இதை ஏன் அமுக்கல?”

“அது அபாயம்!” என்றார் கோமதிநாயகம்.

“அபாயமா? உம்ம தலை.”

கில்பர்ட் வலது கைக் குச்சியை நீட்டி அந்த வட்டத்தைத் தொட்டார்.

தும்!

பந்தியில் ரச வாளியில் வட்டம் வட்டமாக அலை எழுந்தது. அப்பளம் பரிமாறிக்கொண்டிருந்தவர், லாரி எதுவும் சுவரில் மோதிவிட்டதா என்று எட்டிப் பார்த்தார். மாப்பிள்ளை ஒரு கணம் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்காகவாவது அவர் குழுவுக்கு நன்றி சொல்ல வேண்டும். கீபோர்டுக்காரரின் இடது கை பயந்து மடிக்குத் திரும்பியது.

அடியில் நேராக வந்தது கீழ் வழி. அதன் மேல் மினுமினுவென்று ஏறி நின்றது மருமகனின் ஒன்பது கட்டமும். கால் விழுந்த இடத்தில் விரல் விழுந்தது. விரல் விழுந்த இடத்தில் மண்டபம் விழுந்தது.

ஆவுடையப்பன் சரணத்தின் நடுவில் பாட்டை விட்டுவிட்டு ஓடி வந்தார்.

“கோமதி! சத்தத்தைக் கொறையும்வே!”

முப்பது வருடத்தில் இந்த வார்த்தையை அவரிடம் யாரும் சொன்னதில்லை. கோமதிநாயகத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. சந்தோஷம் தாங்காமல் இன்னும் கொஞ்சம் கூட்டினார்.

கச்சேரி முடியும்வரை அவர் சபையின் பக்கம் திரும்பவே இல்லை.


பந்தியில் கடைசி வரிசையில் இரண்டு இலைதான் காலி. பக்கத்துப் பக்கத்து இலை. வேறு வழியில்லை, உட்கார்ந்தார்கள்.

சாம்பார் சாதம்வரை யாரும் பேசவில்லை. ரசத்தில் கோமதிநாயகம் ஆரம்பித்தார்.

“அந்த வட்டம் என்னதுய்யா?”

“பேஸு.”

“எந்தப் பேஸு?”

“என் டிரம்முக்கு மேல ஒரு மைக்கு வைப்பாங்க, கீழ ஒரு மைக்கு வைப்பாங்க. பாத்திருக்கீரா?”

“எங்க பாக்க? நான்தான் அந்தப் பக்கம் நிக்கனே.”

“அடிச்சா மேல்தோலு மைக்கை விட்டு விலகும். கீழ்த்தோலு மைக்கை நோக்கி வரும். ஒண்ணு போகும்போது ஒண்ணு வரும். அப்படியே சேத்தா ஒண்ணை ஒண்ணு தின்னுட்டு, ஒண்ணுமே இருக்காது. ரெண்டு தோல்லயும் கோளாறு இல்லவே. ஒண்ணைத் திருப்பிட்டாப் போதும், ரெண்டும் சேந்து வரும். உம்ம டப்பாவுல ரெண்டு வழிக்கும் அதே கதைதான். அதுக்குத்தான் அந்த வட்டம்.”

“ரெண்டும் நல்லாத்தான் இருந்துது,” என்றார் கோமதிநாயகம், தனக்குள்.

பாயசம் வந்தது. இருவரும் இலையில் அணை கட்டினார்கள்.

“நீரு எதுக்குவே திடீர்னு என் பக்கம் திரும்பினீரு?” என்று கேட்டார் கில்பர்ட்.

“அது எதுக்கு உமக்கு? நீரு அம்பாசமுத்திரத்துல அத்தனை பேரு முன்னால என் பேஸு சரியில்லன்னீரே, அது எதுக்கு?”

“நான் எப்ப சொன்னேன்?”

“சொன்னீரு. பதினோரு வருஷமாச்சு. என் காதுல இன்னும் இருக்கு. ‘ஓய், உம்ம பேஸ் சரியில்லவே.’”

கில்பர்ட் யோசித்தார். வெகுநேரம் யோசித்தார். பாயசம் அணையை உடைத்துக்கொண்டு ஓடியது.

“ஆமா,” என்றார். “சொன்னேன். உமக்கு அன்னைக்குக் காய்ச்சல்லா?”

“நூத்திரெண்டு.”

“கண்ணு ரெண்டும் செவந்து, கன்னம் ரெண்டும் ஒட்டிப்போய், பாக்கவே பயமா இருந்துது. அதான் சொன்னேன். ஒரு மாத்திரைகூட வச்சிருந்தேன் சட்டைப் பையில. குடுக்கதுக்குள்ள நீரு வெடுக்குன்னு போயிட்டீரு.”

கோமதிநாயகத்தின் கை இலைக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது.

“நீரு எந்தப் பேஸைச் சொன்னீரு?”

கில்பர்ட் பாயசக் கையை நீட்டி அவர் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார்.

“இந்தப் பேஸை.”

அந்த நேரம் கோமதிநாயகத்தின் சட்டைப் பையில் போன் அடித்தது. இடது கையால் எடுத்தார். குரு.

“அண்ணாச்சி, கன்வென்ஷன் முடிஞ்சுட்டு. பேஸைத் திருப்பினீங்களா?”

கன்னத்தில் பாயசம் ஒழுகிக்கொண்டிருந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை. கில்பர்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“திருப்பிட்டேம்மா.”

“இப்ப கேக்குதா?”

“இப்பதாம்மா கேக்குது.”